வெள்ளாட்டுக்கு உறைவிந்து: 14 மாதம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

தாராபுரத்திலிருந்து மூலனூர் செல்லும் பக்கத்தில், கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் உள்ள கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் 34 பெட்டை வெள்ளாடுகளை வளர்த்து வருகிறேன். பெரும்பாலானவை தலைச்சேரிக் கலப்பு. எஞ்சியவை நாட்டு ஆடுகள். கடந்த 14 மாதங்களாக, பக்கத்து மாவட்டத்திலிருந்து இயங்கும் ஒரு தனியார் சேவையிடம் உறைவிந்துக் குச்சிகளை (உறைய வைத்த கிடாய் விந்தை அடைத்த மெல்லிய குழாய்கள்) வாங்கி, அவர்கள் அனுப்பும் ஊசியாளரைக் கொண்டு சினை ஊசி போட்டு வந்திருக்கிறேன். மாட்டுக்குச் சினை ஊசி என்பது எங்கள் ஊரில் இரண்டு தலைமுறையாகப் பழகிய செய்தி. ஆட்டுக்கு ஊசி என்றால் இன்னும் சிரிக்கிறார்கள். அந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதாலும், இதே குறைகள் வேறு இடத்தில் வாங்கியவர்களுக்கும் நேர்ந்திருப்பதைக் கேட்டறிந்ததாலும், பெயரைவிட நடந்ததே வாசகருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

ஊசிக்கு நான் போனதற்குக் காரணம் இனப்பெருக்கத்துக்கென வைத்திருந்த பொலி கிடாய். நான்கு ஆண்டுகளாக ஒரே கிடாயை வைத்திருந்தேன். அதன் மகள்களும் பருவத்துக்கு வந்து அதனிடமே சேர்ந்தன. அதன் பிறகு பிறந்த குட்டிகளில் எடை குறைந்தவையும், எழுந்து நின்று பால் குடிக்கவே தடுமாறுபவையும் கூடின. கிடாயை மாற்றலாம் என்று விசாரித்தபோது, தாயின் பால் அளவும் ஈத்துக் கணக்கும் தெரிந்த நல்ல தலைச்சேரிக் கிடாய்க்கு ரூ.28,000 கேட்டார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தாலும் இரண்டு ஆண்டுகளில் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்போம். வெளியூர்க் கிடாய் கொண்டுவரும் நோய்களைப் பற்றிய அச்சமும் இருந்தது. ஆட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதைக் கால்நடை மருத்துவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சேவையின் விலைப்பட்டியல் எளிமையானது. ஒரு குச்சிக்கு ரூ.120, ஊசியாளர் வந்து போட்டால் ஒரு வருகைக்கு ரூ.300. குச்சிகளை அவர்கள் வேறு மாநிலத்து உறைவிந்து நிலையம் ஒன்றிலிருந்து வாங்கி வருகிறார்கள். தலைச்சேரி, சிரோகி, போயர் ஆகிய மூன்று இனங்களும் எப்போதும் கிடைத்தன; ஜமுனாபாரி கேட்டால் காத்திருக்கச் சொன்னார்கள்.

முதல் நாள் ஊசியாளராக வந்த இளைஞர், வண்டியில் கட்டிக்கொண்டு வந்த, திரவ நைட்ரஜன் நிரப்பிய அலுமினிய கேனைத் திறந்தபோது வெண்புகை வழிந்து அவருடைய செருப்பின் மேல் படிந்தது. நீண்ட இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து, ஃபிளாஸ்கில் இருந்த வெதுவெதுப்பான நீரில் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டுப் பரணுக்குக் கீழே நின்றிருந்த என் தாயார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இத்தினியூண்டு குச்சிக்குள்ளயா கிடாய் இருக்குது?" என்று கேட்டார். "ஆமாங்கம்மா, இதுக்குள்ள பத்துக் கோடி இருக்குதுங்க" என்றார் அவர். தாயார் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கு மிகையானதன்று. 0.25 மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. ஒரு கிடாய் ஒரு முறை தரும் விந்து ஒரு மில்லி அளவில்தான் இருக்கும் என்றாலும், அந்த ஒரு மில்லியில் 200 முதல் 400 கோடி விந்தணுக்கள் வரை இருக்கும். கழிவையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒரு சேகரிப்பிலிருந்து ஏறக்குறைய இருபது குச்சிகளை நிரப்பலாம்.

குச்சி வரை வந்து சேர்வதற்குள் அந்த விந்து கடக்கும் வழியைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. ஏனெனில் மாட்டு விந்தை உறைய வைக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆட்டு விந்து கைவந்துவிடுவதில்லை. உறைநிலையில் விந்தணு சாகாமலிருக்கக் கிளிசரால் உதவுகிறது என்பதை 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவல் விந்தில் கண்டறிந்தார்கள். அதன் பிறகு மாட்டினத்தில் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. மாட்டு விந்தில் முட்டை மஞ்சள் கருவைத் தாராளமாகக் கலப்பார்கள். குளிர்ச்சியின் அதிர்ச்சியிலிருந்து விந்தணுவின் மேலுறையை அது காக்கிறது. ஆட்டிலோ அதே மஞ்சள் கரு நஞ்சாக மாறுகிறது. கிடாயின் இனப்பெருக்க உறுப்பைச் சேர்ந்த கௌப்பர் சுரப்பியிலிருந்து வரும் ஒரு நொதி, மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைச் சிதைத்து, விந்தணுவையே கொல்லும் பொருளாக ஆக்கிவிடுகிறது. இந்த நொதியை 1957-இல் ராய் என்ற ஆய்வாளர் விவரித்தார். சரி, மஞ்சள் கருவுக்குப் பதில் ஆடை நீக்கிய பாலைக் கலக்கலாமே என்றால், அதே சுரப்பியிலிருந்து வரும் இன்னொரு நொதி பாலின் கொழுப்பைப் பிரித்து அங்கேயும் கெடுதல் செய்கிறது. எனவே சேகரித்த விந்தை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, விந்துப் பாய்மத்தைக் கழுவி அகற்ற வேண்டும். அல்லது மஞ்சள் கருவை மிகக் குறைவாகச் சேர்க்க வேண்டும். அல்லது சோயா லெசித்தினுக்கு மாற வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் மதுராவுக்கு அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், மகாராஷ்டிரத்தில் உருளிகாஞ்சனில் இயங்கும் பைஃப், பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் போன்றவை இந்தச் சிக்கலைக் கடந்து குச்சிகளைத் தயாரித்து வருகின்றன. இப்படித் தயார் செய்த விந்தை 4 அல்லது 5 டிகிரி குளிரில் சில மணி நேரம் பழக்கி, நைட்ரஜன் ஆவியில் உறைய வைத்து, இறுதியில் -196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் மூழ்கடிக்கிறார்கள். இத்தனையும் சரியாக நடந்தாலும் உருகிய பின் பாதி விந்தணுக்கள் நீந்தினால் அதை நல்ல குச்சி என்றே சொல்ல வேண்டும்.

குச்சியின் தரத்தில் இந்தச் சேவைக்கு நான் ஏறக்குறைய முழு மதிப்பெண் தருவேன். அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல், இரண்டு குச்சிகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். சூடேற்றிய கண்ணாடித் தட்டில் ஒரு துளி. நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். பாதிக்குச் சற்றுக் குறைவாக நேர்கோட்டில் விரைந்துகொண்டிருந்தன, மற்றவை அசையாமல் கிடந்தன. உருகிய பின் நாற்பது விழுக்காடு ஓடினால் தேர்ச்சி என்றார் மருத்துவர். ஒவ்வொரு குச்சியின் மேலும் நிலையத்தின் குறியீடு, இனம், கிடாயின் எண், உறைய வைத்த தேதி ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. ஒரே கிடாயின் எண் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தது எனக்கு இதனால்தான்; இரத்த உறவுக்குள் சேர்வதிலிருந்து தப்பிக்க வந்தவன் அதே எண்ணை நான்கு முறை போட்டுக்கொண்டால் என்ன பயன்?

ஆனால் எண்ணைத் தவிர அந்தக் கிடாயைப் பற்றி வேறெதுவும் கிடைக்கவில்லை. தாய் எத்தனை லிட்டர் கறந்தது, ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி ஈன்றது, கிடாய் ஓராண்டு வயதில் என்ன எடை இருந்தது என்பதையெல்லாம் மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் "கேட்டுச் சொல்றோமுங்க" என்ற பதிலே வந்தது. ஊசியின் முதன்மையான பயன் நல்ல கிடாயின் வம்சத்தைப் பரப்புவது. அந்தக் கிடாய் நல்லது என்பதற்கான சான்று இல்லாமல் ரூ.120 கொடுப்பது, படம் பார்த்துப் பெண் பார்ப்பதைவிடக் குறைந்த விசாரணை. புருசெல்லா முதலிய நோய்களுக்குக் கிடாய்களைச் சோதித்த சான்றிதழை மட்டும் கேட்டவுடன் காட்டினார்கள். அதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது.

குச்சி நல்லதாக இருந்தும் முதல் ஏழு மாதங்களில் 13 ஆடுகளுக்கு ஊசி போட்டதில் சினை பிடித்தவை நான்கே. குறை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று என்பது இன்றும் உறுத்துகிறது.

முதல் குறை நேரம். பெட்டை ஆடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். பருவம் பொதுவாக ஒன்றரை நாள் அளவில்தான் நீடிக்கும். பருவம் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு ஊசியும், தேவைப்பட்டால் அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் இன்னொன்றும் என்பதே பொதுவான கணக்கு. கிடாய் தன்னிடமிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நமக்குத் தேவையில்லை. அது வாசனையிலேயே அறிந்துவிடும். உறைந்து உருகிய விந்தணு கருப்பையில் உயிரோடிருக்கும் நேரமோ இயற்கைச் சேர்க்கையில் வருவதைவிடக் குறைவு. அதனால் அரை நாள் தவறினாலும் முட்டையும் அணுவும் சந்திப்பதில்லை. நான் காலையில் வாலாட்டலையும் கத்தலையும் பார்த்துத் தொலைபேசியில் சொல்வேன். ஊசியாளர் வேறு ஊரில் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருப்பார். மாலை வருவதாகச் சொல்லி மறுநாள் மதியம் வருவார். ஆட்டின் பின்புறத்தில் கண்ணாடி போலத் தொங்கிய சளி அதற்குள் தயிர் போலத் திரைந்து வெளுத்திருக்கும். "அண்ணா, பருவம் தாண்டிருச்சுங்க, இருந்தாலும் போட்டு விடறேன்" என்பார். அப்படிப் போட்ட ஐந்தில் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. ரூ.300 மட்டும் ஐந்து முறையும் வாங்கிக்கொள்ளப்பட்டது. பருவம் தாண்டிய ஆட்டுக்கு ஊசி போடாமல் திரும்பிப் போகும் நேர்மையும், அதற்கு வண்டிச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இந்தச் சேவையில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் குறை கேன். திரவ நைட்ரஜன் மூடியிருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மீதமுள்ளது என்பதைக் காய்ந்த மரக் குச்சி ஒன்றை அடி வரை விட்டு எடுத்து, அதன் மேல் படியும் பனிக் கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒருநாள் அந்த இளைஞர் கேனைத் திறந்தபோது வழக்கமான புகை வரவில்லை. நான் வேலங்குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். விட்டு எடுத்தார்; நுனியில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் வெண்மை. விந்துக் குச்சிகளின் மேல்பாதி நைட்ரஜனுக்கு வெளியே எத்தனை நாளாக இருந்ததோ தெரியாது. -130 டிகிரிக்கு மேலே ஏறினாலே விந்தணுவுக்குள் பனிப் படிகங்கள் மறுபடி வளரத் தொடங்குகின்றன. அதன் பின் மீண்டும் நைட்ரஜனில் மூழ்கடித்தாலும் செத்தது செத்ததுதான், வெளிப்பார்வைக்கு மட்டும் குச்சி புதியது போலவே இருக்கும். அன்று அந்தக் கேனிலிருந்து ஊசி போட நான் அனுமதிக்கவில்லை. அலுவலகத்துக்குச் சொன்னபோது மன்னிப்புக் கேட்டு, அதற்கு முந்தைய மாதத்து இரண்டு ஊசிகளின் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்காமலேயே கொடுத்தார்கள் என்பதால் அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை.

இதைவிட நுட்பமான இன்னொரு தவறும் உண்டு. குச்சியைத் தேடும்போது, கேனுக்குள் குச்சிகளைத் தாங்கும் குவளையான கேனிஸ்டரைக் கேனின் வாய்க்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டு, அச்சிட்ட எழுத்தைப் படித்து, இதுவல்ல என்று திரும்ப இறக்குவது. ஊசியாளர் ஒரே பார்வையில் மூன்று நான்கு குச்சிகளைப் புரட்டும்போது எட்டுப் பத்து வினாடிகள் ஓடிவிடுகின்றன. மெல்லிய குச்சிக்கு அந்த நேரமே போதும், கெடுவதற்கு. கெடுவது அப்போது எடுத்த குச்சி அல்ல, கேனுக்குள் திரும்பிப் போன மற்றவை. நான் சொன்ன பிறகு அவர் கேனிஸ்டரைக் கேனின் கழுத்துக்குக் கீழேயே வைத்து, இடுக்கியை உள்ளே விட்டு எடுக்கப் பழகிக்கொண்டார். இன இனமாகத் தனி நிறக் கோப்பைகளில் போட்டு வைத்தால் தேடவே வேண்டியதில்லை. அதையும் சொன்னேன், அதைச் செய்யவில்லை.

ஊசி போடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். மாட்டுக்குக் கையை உள்ளே விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு விந்து ஏற்றிய கம்பியைச் செலுத்துவார்கள். ஆட்டில் அதற்கு இடமில்லை. பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்து, விளக்குடன் கூடிய ஸ்பெகுலம் என்ற விரிப்பான் கருவியை வைத்துத் திறந்து, கண்ணால் கருப்பை வாயைப் பார்த்துக் கம்பியை நுழைக்க வேண்டும். கருப்பை வாயில் வளையம் வளையமாக மடிப்புகள் இருக்கும். ஒன்றிரண்டையாவது கடந்து உள்ளே விட்டால்தான் சினை பிடிக்கும் வாய்ப்பு உயர்கிறது, வாசலிலேயே விட்டால் பெரும்பகுதி வழிந்து வீணாகும். முதலில் வந்த ஊசியாளர் ஸ்பெகுலம் இல்லாமல் கையால் தடவியே போட்டார். இரண்டாமவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கிருமி நீக்கிய பாரபின் தடவிய ஸ்பெகுலத்துடன் வந்தார். பரண் தூணில் சாய்த்த ஒரு பலகையின் மேல் ஆட்டின் பின்பகுதியை ஏற்றி நிறுத்தி, என் மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கம்பி மடிப்பில் தட்டும்போது அவசரப்படாமல் லேசாகத் திருப்பித் திருப்பி நுழைத்தார். குச்சியை நீரிலிருந்து எடுத்தவுடன் துணியால் ஈரம் போகத் துடைத்தார். ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் விந்தணு வெடித்துவிடும் என்று காரணம் சொன்னார். அவரிடம் பிடித்த சினையின் விழுக்காடு வேறு, முதலாமவரிடம் பிடித்தது வேறு. ஒரே நிறுவனம், ஒரே குச்சி. இந்தச் சேவையை எடுப்பவர்கள் நிறுவனத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், வரும் ஆளின் பெட்டியில் ஸ்பெகுலம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு முறையை மாற்றினேன். ஆடு பருவத்துக்கு வரும்போது ஆளைத் தேடுவதற்குப் பதிலாக, ஆள் வரும் நாளில் ஆடுகளைப் பருவத்துக்குக் கொண்டுவருவது. பிரான்சில் பால் ஆடுகளுக்கு இதற்கென ஒரு நடைமுறையே உண்டு. 11 நாள் ஹார்மோன் பஞ்சை ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைத்திருந்து எடுத்து, 43 முதல் 45 மணி நேரத்துக்குள் பருவத்தைப் பார்க்காமலேயே ஊசி போட்டுவிடுகிறார்கள். நமக்குப் பஞ்சும் அதற்குத் துணையான மருந்தும் எளிதில் கிடைப்பதில்லை; மருத்துவர் 11 நாள் இடைவெளியில் பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோனான புரோஸ்டாகிளாண்டின் ஊசிகள் இரண்டைப் பரிந்துரைத்தார். இரண்டாம் ஊசிக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்துக்கு வந்தன. சேர முடியாதபடி வயிற்றில் சாக்குக் கட்டிய பழைய கிடாயைக் காலையும் மாலையும் பட்டிக்குள் விட்டு, எது நின்று கொடுக்கிறது என்று பார்த்துச் சுண்ணாம்பால் குறியிட்டோம். ஊசியாளர் இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அதற்கு மொத்தமாக ரூ.1,500 என்று பேசி முடித்தோம். 12 ஆடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குச்சிகள். சினை பிடித்தவை ஏழு.

இதில் ஒரு தவறு என்னுடையது. அந்தப் பன்னிரண்டோடு சேர்த்துப் பதின்மூன்றாவதாக ஒரு நாட்டு ஆட்டுக்கும் முதல் ஹார்மோன் ஊசியைப் போட வைத்தேன். அது ஏற்கெனவே பக்கத்துக் காட்டுக் கிடாயிடம் சேர்ந்து இரண்டு மாதச் சினையாக இருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கருவைத் தள்ளிவிட்டது. மாட்டைப் போலன்றி, வெள்ளாட்டில் சினைக்காலம் முழுவதும் சூலகத்திலுள்ள மஞ்சள் உடல் என்ற சுரப்பியையே கரு நம்பியிருக்கிறது. அந்த ஊசி மஞ்சள் உடலைத்தான் கரைக்கிறது. ஸ்கேன் பார்த்துச் சினையில்லை என்று உறுதி செய்யாமல் ஓர் ஆட்டுக்கும் இதைப் போடக் கூடாது. மருந்து தோல் வழியாகவும் உள்ளே செல்லக்கூடியது என்பதால், கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன். சேவை நிறுவனம் இந்த எச்சரிக்கையைத் தன் தாளில் எங்கும் அச்சிடவில்லை.

கணக்கைப் பார்க்கலாம். முதல் ஏழு மாதம் 13 ஆடுகளுக்கு ரூ.5,460 செலவு, நான்கு சினை. அதாவது ஒரு சினைக்கு ரூ.1,365. இரண்டாம் முறையில் குச்சிக்கு ரூ.2,880, ஹார்மோன் ஊசிகளுக்கு ரூ.1,800, ஊசியாளருக்கு ரூ.1,500 ஆக ரூ.6,180, ஏழு சினை. ஒன்றுக்கு ரூ.883 விழுந்தது. இயற்கைச் சேர்க்கையில் பத்தில் எட்டு ஆடாவது சினை பிடிக்கும் என்பதையும், ஒரு கிடாய் 25 முதல் 30 பெட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் என்பதையும் வைத்துப் பார்த்தால், இறைச்சிக்காக மட்டும் குட்டி எடுப்பவருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. இதை நிறுவனத்தின் விளம்பரத்தாள் சொல்லவில்லை. "கிடாய்ச் செலவு இனி இல்லை" என்றுதான் அதில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நடுவில் சொந்தமாக 3 லிட்டர் கேன் ஒன்றை வாங்கலாமா என்று எண்ணி, நிறுவனத்திடமே முன்பணம் கட்டி மூன்று மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். நேரம் நம் கையில் இருக்கும் என்பது உண்மைதான். இயல்பாகப் பருவத்துக்கு வந்த நான்கு ஆடுகளுக்குச் சரியான வேளையில் உள்ளூர் மாட்டு ஊசியாளரைக் கொண்டு போட்டதில் இரண்டு சினை பிடித்தன. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 70 கிலோமீட்டர் தள்ளிப் போய் நைட்ரஜன் நிரப்ப வேண்டியிருந்தது. காரின் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். மூடிய இடத்தில் ஆவியாகும் நைட்ரஜன் மூச்சுக் காற்றை ஓசையில்லாமல் தள்ளிவிடும். எண்ணெய் டின் போலக் கேனைச் சாய்த்து வைக்கவும் கூடாது. 34 ஆட்டுக்கு இந்த அலைச்சல் மிகை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாறு பண்ணைகள் சேர்ந்து ஒரு கேன் வைத்துக்கொண்டால் பொருளுண்டு.

எந்த இனத்துக் குச்சியைக் கேட்பது என்பதிலும் நிறுவனத்தின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர்கள் போயரைத்தான் முன்னே தள்ளுகிறார்கள்; குட்டி பெரிதாக வரும், சந்தையில் விலை போகும் என்பது சரி. ஆனால் தலை ஈத்துக்கு நிற்கும் சிறிய ஆட்டுக்கு அதைப் போட்டால் ஈனும்போது யார் பக்கத்தில் நிற்பது? என் தெரிந்தவர் ஒருவர் நள்ளிரவில் மருத்துவரை எழுப்பிய கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சேலம் கருப்பு, கன்னி ஆடு, கொடி ஆடு போன்ற நம் இனங்களை வைத்திருப்பவர்கள் வேற்றினக் குச்சியை அவற்றுக்குப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து; அந்த இனங்களின் சிறந்த கிடாய்களிலிருந்து எடுத்த குச்சி இந்தச் சேவையின் பட்டியலில் இல்லை என்பது எனக்கு அவர்கள் மேல் உள்ள பெரிய மனக்குறை. வறண்ட காட்டில் மேய்ந்து, குறைந்த தீவனத்தில் இரட்டைக்குட்டி ஈனும் ஆட்டை உறைய வைத்துக் காப்பாற்றுவதற்கல்லவா இந்தத் தொழில்நுட்பம் முதலில் உதவ வேண்டும்?

மொத்தம் 29 ஆடுகளுக்கு ஊசி, 13 சினை. ஈன்றவற்றில் 21 குட்டிகள். இரண்டு இறந்தன, ஒன்று மழையில், ஒன்று காரணம் தெரியாமல். மீதியுள்ளவற்றின் பிறப்பு எடையை ஒரு துணிப் பையில் போட்டுத் தொங்கு தராசில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். பழைய கிடாயின் கடைசி ஆண்டுக் குட்டிகளைவிட ஒவ்வொன்றும் கனமாகவே இருந்தன. அவற்றில் நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள ஒரு கிடாய்க்குட்டி, என்னிடம் அதிகம் கறக்கும் ஆட்டுக்கு இரட்டையில் ஒன்றாகப் பிறந்தது; நான்காம் மாதத்திலேயே தீவனத் தொட்டியிலிருந்து மற்றவற்றை முட்டித் தள்ளுகிறது. அதை விற்கப் போவதில்லை. அடுத்த ஆண்டு அதுவே என் பொலி கிடாய்.

எனவே, எல்லா ஆட்டுக்கும் போடுவதற்காக இந்தச் சேவையை எடுக்காதீர்கள். பட்டியில் சிறந்த எட்டுப் பத்து ஆடுகளைத் தேர்ந்து, ஸ்கேன் பார்த்து, ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவந்து, ஸ்பெகுலத்துடன் வரும் ஆளை இரண்டு நாள் தங்க வைத்துப் போடுங்கள். அதில் பிறக்கும் கிடாய்க்குட்டியைக் கொண்டு மற்ற ஆடுகளைச் சேருங்கள். அப்படிப் பயன்படுத்தினால் ரூ.883 என்பது ரூ.28,000-க்கு முன் ஒன்றுமில்லை. குச்சிக்கு ஐந்துக்கு நான்கரை நட்சத்திரமும், ஆள் அனுப்பும் சேவைக்கு இரண்டும், குறை சொன்னபோது அவர்கள் நடந்துகொண்ட முறைக்கு நான்கும் தருகிறேன். தை மாதத்துக்கு 20 குச்சிகள் சொல்லி வைத்திருக்கிறேன், முன்பு போடாத ஒரு தலைச்சேரிக் கிடாயின் எண்ணில். இரண்டாவதாக வந்த அந்த ஊசியாளரே வர வேண்டும் என்று கையொப்பமிட்ட தாளில் எழுதியும் வாங்கியிருக்கிறேன்.